ஆறு பேர் இருந்த இடத்தில் ஒருவர்

1841 ஜூன் 6-ஆம் தேதி இரவு அயர்லாந்து முழுவதும் தலைக்கணக்கு எடுத்தார்கள். அன்று லீட்ரிம் கவுண்டியில் இருந்தவர்கள் 1,55,297 பேர். 1996-இல் அதே கவுண்டியை எண்ணியபோது 25,057 பேர். ஆறு பேர் வாழ்ந்த இடத்தில் ஒருவர் மிஞ்சியிருக்கிறார். இடையில் அந்த மண்ணில் போர்க்களம் எதுவும் அமையவில்லை. ஊரை மூழ்கடித்த அணையும் கிடையாது. சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 98 பேர் இருந்த நிலத்தில், சற்று மீண்ட பிறகும், இன்று 22 பேர்.

அயர்லாந்து முழுமையுமே பஞ்சத்தில் மெலிந்த நாடுதானே என்று கேட்கலாம். இன்றைய குடியரசின் 26 கவுண்டிகளில் 1841-இல் ஏறத்தாழ 65 லட்சம் பேர் இருந்தார்கள். 2022-இல் 51 லட்சம். நாடு இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டுவிட்டது. லீட்ரிம் 2022-இல் எட்டியது 35,199. பழைய எண்ணிக்கையில் கால்வாசிகூட இல்லை. அயர்லாந்தின் 32 கவுண்டிகளிலும் மக்கள் மிகக் குறைந்தது இதுதான்.

நாட்டின் வடமேற்கில், வரைபடத்தில் நீளவாக்கில் ஒடுங்கிக் கிடக்கும் கவுண்டி இது. பரப்பு சுமார் 1,590 சதுர கிலோமீட்டர். வடக்கு நுனி டல்லகன் என்ற ஊரில் அட்லாண்டிக்கைத் தொடுகிறது. கடற்கரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்தான். நடுவில் ஆலன் ஏரி கிடந்து கவுண்டியைக் கிட்டத்தட்ட இரண்டாகப் பிரிக்கிறது. ஏரிக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் மலைகளும் பள்ளத்தாக்குகளும். தெற்கே, பனியுகம் விட்டுச்சென்ற குட்டைக் குன்றுகள். குன்றுகளுக்கு இடையே சின்னச் சின்ன ஏரிகள். மண் கனத்த களிமண். மழைநீர் உள்ளே இறங்காது, மேலேயே தேங்கும். லீட்ரிமில் நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்பதில்லை, காலன் கணக்கில்தான் விற்கிறார்கள் என்று அக்கம்பக்கத்துக் கவுண்டிக்காரர்கள் சொல்வது இதனால்தான். அந்த மண்ணில் ஒன்றரை லட்சம் பேருக்குச் சோறு போட்டது உருளைக்கிழங்கு.

அன்றைய நிர்வாகம் இந்தக் கவுண்டியை எப்படி வகுத்திருந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தக் கோடுகளும் ஒரு காரணம். மேல்மட்டத்தில் ஐந்து பேரனிகள்: ராஸ்க்ளோகர், ட்ரமஹேர், லீட்ரிம், மோஹில், கேரிகேலன். சாலைக்கும் பாலத்துக்கும் சிறைக்கும் வேண்டிய வரியைப் பிரித்தது பேரனிக் கணக்கில். பிரித்தவர்கள் கிராண்ட் ஜூரி எனப்பட்ட நிலக்கிழார் குழுவினர். அவர்களை மக்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்து 17 சிவில் பாரிஷ்கள், தேவாலய எல்லையிலிருந்து பிறந்தவை. எல்லாவற்றுக்கும் அடியில் டவுன்லேண்டுகள். ஒரு மலைச்சரிவு, ஓர் ஓடை, ஒரு சதுப்பு, அவற்றினிடையே நாலைந்து வீடுகள் முதல் நாற்பது ஐம்பது வீடுகள் வரை: அது ஒரு டவுன்லேண்ட். அங்கே கடைத்தெரு இருக்க வேண்டியதில்லை. சராசரியாகச் சில நூறு ஏக்கர். அயர்லாந்து முழுக்க இப்படி 60,000-க்கு மேல். லீட்ரிமில் சுமார் 1,500. பெரும்பாலானவற்றின் பெயர்கள் ஆங்கிலேய ஆட்சிக்கு மிக முந்தியவை. அரசாங்கம் அவற்றை உண்டாக்கவில்லை. 1830-களில் நில அளவைத் துறையினர் வந்து, ஏற்கெனவே இருந்தவற்றைக் கேட்டறிந்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போனார்கள்.

1838-இல் ஏழையர் சட்டம் வந்தது. பழைய பிரிவுகளின் மேல் புதிதாக ஒரு வலை விரிக்கப்பட்டது. காரிக்-ஆன்-ஷானன், மோஹில், மானர்ஹாமில்டன் ஆகிய மூன்று ஊர்களில் ஏழையர் விடுதிகள் எழுந்தன. அவற்றைச் சுற்றி ஒன்றியங்கள். ஒன்றியங்களுக்குள், பக்கத்துப் பக்கத்து டவுன்லேண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தேர்தல் பிரிவுகள். ஏழையர் விடுதியை நடத்தும் காப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதும், செலவுக்கான வரியை விதிப்பதும் இந்தப் பிரிவுக் கணக்கில்தான். ஒரு பிரிவிலிருந்து எத்தனை பேர் விடுதிக்குள் போகிறார்களோ, அந்தச் சுமை அந்தப் பிரிவின் நிலத்தின் மேல் ஏறும்.

காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. 1843-இல் ஒரு திருத்தம் வந்தது: ஆண்டு மதிப்பு நான்கு பவுண்டோ அதற்குக் குறைவோ உள்ள நிலத்துக்கு வரியை முழுவதும் நிலக்கிழாரே கட்ட வேண்டும். ஏழைக் குத்தகைதாரரைக் காப்பாற்றுவதுபோல இருக்கிறது அல்லவா? இரண்டு ஆண்டுகளில், 1845-இல், உருளைக்கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. பட்டினியால் விடுதிகள் நிரம்பின, வரி ஏறியது. பெரும்பாலோர் சிறு துண்டு நிலம் வைத்திருந்த லீட்ரிம் போன்ற கவுண்டியில், நிலக்கிழார் ஒவ்வொரு சிறு குடும்பத்தையும் வரிச்சுமையாகவே பார்க்கத் தொடங்கினார். குடும்பத்தை வெளியேற்றிவிட்டால் அந்தச் சுமை தீர்ந்தது. 1847-இல் இன்னொரு விதி சேர்ந்தது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவி கிடையாது. பசித்தவன் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். ஒப்படைத்தபின் திரும்பிப்போக அவனுக்கு இடமில்லை.

கிழங்கை அழித்தது பூஞ்சையைப் போன்ற ஒரு நுண்ணுயிர். குடும்பங்களைப் பெயர்த்ததில் சட்டத்துக்கும் அதன் கோடுகளுக்கும் முழுப் பங்கு உண்டு. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 1851 கணக்கெடுப்பில் லீட்ரிமின் மக்கள்தொகை 1,11,897. பத்தே ஆண்டில் 43,400 பேர் குறைவு. காரிக்-ஆன்-ஷானனில் அந்த ஏழையர் விடுதியின் மேல்மாடம் ஒன்றைப் பழைய நிலையிலேயே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். பின்புறம் பஞ்சத்தில் இறந்தோரின் புதைநிலம்.

அந்த 43,400 பேரின் பெயர்களைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு இழப்பு காத்திருக்கிறது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புப் படிவங்கள் டப்ளினின் பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கச் சண்டையில் அந்தக் கட்டடம் வெடித்து எரிந்தது. சில துணுக்குகள் தவிர எல்லாம் போயிற்று. 1861 முதல் 1891 வரையான நான்கு கணக்கெடுப்புகளின் படிவங்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. அச்சிட்ட மொத்தக் கணக்குகள் மட்டும் தப்பின. ஆகவே ஒரு டவுன்லேண்டில் 1841-இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இன்றும் சொல்ல முடியும். அவர்கள் யார் யார் என்று கணக்கெடுப்பைக் கொண்டு சொல்ல முடியாது. நாடு முழுமைக்கும் பெயரோடு மிஞ்சியவற்றில் மிகப் பழையது 1901. அப்போது லீட்ரிம் 69,343-க்கு இறங்கியிருந்தது. 1926-இல் 55,907, அந்த ஆண்டின் படிவங்கள் நூறாண்டு காத்திருப்புக்குப் பின் 2026-இல் திறக்கப்படுபவை.

பஞ்சம் முடிந்த பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1851-இலிருந்து 1996 வரை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் லீட்ரிம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆட்சி மாறியது, கொடி மாறியது, குத்தகைதாரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இறக்கம் மட்டும் நிற்கவில்லை. காரணம் சிக்கலானதல்ல. நிலத்தைப் பிள்ளைகளுக்குள் பிரிப்பது நின்றது. ஒரு மகனுக்கு நிலம், மற்றவர்களுக்குக் கப்பல். நிலம் பெற்ற மகனும் தகப்பன் காலம்வரை காத்திருந்து நாற்பதை ஒட்டிக் கல்யாணம் செய்தான், அல்லது செய்யவே இல்லை. பெண்கள் நியூயார்க்குக்கும், பின்னாளில் லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் போனார்கள். 1926-இலிருந்து 1961-க்குள் சுதந்திர அயர்லாந்தின் கண்ணெதிரே லீட்ரிம் பத்தில் நான்கு பேரை இழந்து 33,470-க்கு வந்தது. ரயில்களும் அதே காலத்தில் நின்றன. மானர்ஹாமில்டன் வழியாகப் போன ஸ்லைகோ–லீட்ரிம் பாதை 1957-இல் மூடப்பட்டது. பாலினமோரைச் சந்திப்பாகக் கொண்டு 1887-இலிருந்து ஓடிய கேவன்–லீட்ரிம் குறும்பாதை 1959-இல் மூடப்பட்டது. ஆள் இல்லாததால் ரயில் இல்லை. ரயில் இல்லாததால் இருந்த ஆளும் கிளம்பினார்.

நாவலாசிரியர் ஜான் மெக்கஹர்ன் 1970-களில் மோஹிலுக்குப் பக்கத்தில் ஃபாக்ஸ்ஃபீல்டில் ஏரிக்கரையோரம் குடியேறி 2006-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். எல்லாரும் வெளியேறிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தவர். ஒரு ஏரியைச் சுற்றியுள்ள சில வீடுகளே தன் நாவலுக்குப் போதும் என்று நினைத்தார். எண்ணிக்கை குறைவு என்பதால் வாழ்க்கை குறைவு ஆகிவிடாது என்பதற்கு அவர் எழுத்தை நான் சாட்சியாகக் கொள்கிறேன்.

ஆள் குறையக் குறைய நிர்வாகக் கோடுகள் என்ன ஆயின? பேரனிகள் 1898-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தோடு வேலையிழந்தன. 1899-இல் மக்கள் வாக்களித்த முதல் கவுண்டி மன்றம் கிராண்ட் ஜூரியின் இடத்தில் உட்கார்ந்தது. கூடவே ஊரக மாவட்டங்கள் வந்தன. 1925-இல் அவையும் கலைந்தன. 2014-இல் நாடு தழுவிய சீர்திருத்தத்தில் லீட்ரிம் மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 22-இலிருந்து 18-ஆகக் குறைந்தது. பாலினமோர், காரிக்-ஆன்-ஷானன், மானர்ஹாமில்டன் என மூன்று நகராட்சி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு பேர். அந்த மூன்று பெயர்களில் இரண்டு, 1840-களில் ஏழையர் விடுதி இருந்த ஊர்களின் பெயர்கள். ஏழையர் வரிக்காகக் கட்டிய தேர்தல் பிரிவுகளோ இன்றும் இருக்கின்றன. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் இப்போதும் மக்கள்தொகையை அந்தப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. யாரை உள்ளே விடுவது, யாருக்கு யார் வரி கட்டுவது என்று முடிவு செய்வதற்குப் போட்ட கோடு, எங்கே பள்ளி வேண்டும், எங்கே மருத்துவர் வேண்டும் என்று பார்க்க உதவுகிறது. கோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை யார் எதற்கு எடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நாடாளுமன்றத்துக்கு வரும்போது கதை கசக்கிறது. 1937-இன் அரசியலமைப்பு இரண்டு விதிகளை வைத்தது. டாயில் எனப்படும் கீழவையில் 20,000 முதல் 30,000 பேருக்கு ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். எந்தத் தொகுதிக்கும் மூன்று இடங்களுக்குக் குறையக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தனித் தொகுதியாக நிற்க ஒரு கவுண்டிக்கு 60,000 பேராவது வேண்டும். லீட்ரிம் அந்தக் கோட்டுக்குக் கீழே போய் அப்போதே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் 1937 முதல் 1948 வரை லீட்ரிம் என்ற பெயரில் ஒரு தொகுதி இருந்தது. அதன்பின் ஸ்லைகோவோடு சேர்ந்தது. 1969-இல் மூன்றாக வெட்டப்பட்டது: ஒரு பகுதி டானிகோலோடு, ஒன்று ராஸ்காமனோடு, ஒன்று ஸ்லைகோவோடு. 2007-இல் மறுபடி இரண்டாக வெட்டினார்கள், வடக்கு ஸ்லைகோவோடும் தெற்கு ராஸ்காமனோடும். ஜனம் எதிர்த்தது, பலனில்லை. அந்தத் தேர்தலில் லீட்ரிமைச் சேர்ந்த ஒருவர்கூட டாயிலுக்குத் தேர்வாகவில்லை. பக்கத்து வீடுகளின் ஒட்டுத்துணிக்கு ஏற்றபடி கிழிபடும் துணியாக ஒரு கவுண்டி இருந்தது. 2016 தேர்தலில்தான், அக்கம்பக்கக் கவுண்டிகளின் துண்டுகளும் சேர்ந்த ஸ்லைகோ–லீட்ரிம் என்ற நான்கிடத் தொகுதியில், லீட்ரிம் முழுதாக ஒன்று சேர்ந்தது.

தலைக்கு ஓர் ஓட்டு, ஓட்டுக்குச் சம மதிப்பு என்ற கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கவுண்டியின் தலைகளைக் குறைத்ததில் அரசின் கை இருந்திருக்கிறது. பிறகு அந்தக் குறைவையே காட்டி அதன் குரலையும் பங்கு பிரிப்பது இரட்டைத் தண்டனை. மலையும் ஏரியும் குறுக்கே கிடக்கும் இடத்தில் சாலை போட ஆகும் செலவு, ஆள் குறைந்ததால் குறைவதில்லை.

நிர்வாகம் வெட்டினாலும் மக்கள் மனத்தில் கவுண்டி வெட்டுப்படவில்லை. கார் எண் பலகையில் எல்எம் என்ற எழுத்துகள் இருக்கின்றன. அதைவிட, கேலிக் கால்பந்து இருக்கிறது. அந்த விளையாட்டில் ஆள் கவுண்டிக்காகத்தான் ஆடுகிறார். கனாக்ட் மாகாணக் கோப்பையை லீட்ரிம் 1927-இல் ஒருமுறை வென்றது. அடுத்த வெற்றிக்கு 67 ஆண்டுகள் ஆயின. 1994-இல் மேயோ கவுண்டியை இறுதிப் போட்டியில் தோற்கடித்தபோது, முழுக் கவுண்டியிலும் 25,000 பேருக்குச் சற்று மேல்தான் இருந்தார்கள். அதிலிருந்து விளையாடும் வயதுப் பையன்களைப் பொறுக்கி எடுத்து ஒரு அணி கட்டியிருக்கிறார்கள்! காரிக்-ஆன்-ஷானனில் உள்ள கவுண்டி மைதானத்துக்கு, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த 1916 எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட ஷான் மக் டியர்மடாவின் பெயர். கனாக்ட் கோப்பைப் போட்டியில் நியூயார்க் அணியும் ஆடுகிறது, ஐரிஷ் குடியேறிகளும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்த அணி. 2023-இல் அந்த அணி தன் முதல் சாம்பியன்ஷிப் வெற்றியைப் பெற்றது. பெனால்டியில் தோற்றது லீட்ரிம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை நியூயார்க்குக்கு அனுப்பிய கவுண்டி அது.

மக்கள்தொகை ஏற்றத்துக்கான அடித்தளம் 1994-ஐ ஒட்டி விழுந்தது. அந்த ஆண்டுதான் ஷானன்–எர்ன் நீர்வழியும் திறக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் வெட்டி, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்ட கால்வாயைத் தூர்வாரி, 16 மதகுத் தொட்டிகளோடு மீட்டார்கள். படகுகள் வந்தன, காரிக்-ஆன்-ஷானனில் விடுதிகள் எழுந்தன. 1990-களின் கடைசியில் எம்.பி.என்.ஏ என்ற அமெரிக்கக் கடன் அட்டை நிறுவனம் அந்த ஊரில் அலுவலகம் திறந்தது. ஊரிலேயே உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கலாம் என்பது லீட்ரிம் இளைஞருக்குப் புதிய செய்தி. 2002 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 25,799. ஏறியது வெறும் 742 பேர். ஆனால் ஒன்றரை நூற்றாண்டில் முதல் ஏற்றம் அதுதான்.

அதோடு ஒரு தவறான மருந்தும் கொடுக்கப்பட்டது. 1998-இல் மேல் ஷானன் பகுதியில் வீடு கட்டுபவருக்கு வரிச்சலுகை என்று அறிவித்தார்கள். ஆள் வந்தபின் வீடு என்றில்லாமல், வீடு கட்டினால் ஆள் வருவார் என்று கணக்குப் போட்டார்கள். வெளியூர் முதலீட்டாளர்கள் வரியை மிச்சப்படுத்தக் கட்டினார்கள். 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோது, சின்னக் கிராமங்களின் ஓரத்தில் பாதி முடிந்த வீட்டு வரிசைகள் நின்றன. ஐரிஷ் மக்கள் அவற்றைப் பேய்க் குடியிருப்புகள் என்றார்கள். 2011 கணக்கெடுப்பில் லீட்ரிமின் வீடுகளில், விடுமுறை வீடுகளையும் சேர்த்து, பத்தில் மூன்று காலி. நாட்டிலேயே அதிகம். பஞ்ச காலத்தில் கூரையைப் பிரித்துக் குடும்பங்களை வெளியேற்றிய மண்ணில், ஆளில்லாக் கூரைகள்.

இன்னொரு குடியேற்றமும் நடந்தது. அது மரங்களின் குடியேற்றம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த சிட்கா ஸ்ப்ரூஸ், ஈரக் களிமண்ணில் வேகமாக வளர்கிறது. நடுவதற்கு மானியமும் கிடைக்கிறது. விவசாயி இறந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், நிலம் தோட்ட நிறுவனத்துக்கோ முதலீட்டாளருக்கோ போகிறது. இன்று கவுண்டியின் நிலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு காடு; அதில் பெரும்பங்கு இந்த ஒற்றை மரம். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் ஸ்ப்ரூஸ் எழுந்தால் வெயில் போய்விடும், பக்கத்து வீட்டு விளக்கு தெரியாது. மரம் நடுவதை எதிர்ப்பவர்களா என்று நகரத்தார் வியப்பார்கள். சேவ் லீட்ரிம் அமைப்பினர் சொல்வது எளிமையானது: நட்ட வயலுக்கு மறுபடி ஒரு குடும்பம் வராது. எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் தெரிகிறது. இதே மக்கள்தான் ஆலன் ஏரிப் படுகையில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்க 2011-இல் அனுமதி கொடுத்தபோது ஊர் ஊராகக் கூடி எதிர்த்தார்கள். 2017-இல் அயர்லாந்து தரைப்பகுதியில் அந்த முறையைச் சட்டமியற்றித் தடை செய்தது. மசோதாவைக் கொண்டுவந்தவர் ஸ்லைகோ–லீட்ரிம் தொகுதி உறுப்பினர் டோனி மெக்லாக்லின். ஒன்று சேர்ந்த தொகுதியின் முதல் பலன்களில் ஒன்று இது என்று சொன்னால் மிகையில்லை.

2022-இன் 35,199 என்ற எண், 2016-ஐவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுதல். ஏற்றம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழவில்லை. டப்ளின் ரயில் நிற்கும் காரிக்-ஆன்-ஷானன் பக்கம் வளர்கிறது. வடக்கே எல்லையோர மலைக் கிராமங்களின் நிலை வேறு. 1922-க்குப் பின் அவற்றின் கிழக்குப் பக்கம் அந்நிய நாடானது; வட அயர்லாந்துக் கலவரக் காலத்தில், எல்லைக்கு அப்பாலுள்ள ஃபெர்மானாவுக்குப் போகும் சாலைகள் அடைக்கப்பட்டிருந்தன; சந்தைக்குப் போகும் பாதை பாதியாயிற்று. மக் டியர்மடா பிறந்த கில்டிக்லோகர் அப்படி ஓர் ஊர். 2017-இல் அங்கே ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து ஆசிரியர் பணியிடம் பறிபோகும் நிலை வந்தது. ஊரார் கூடி, வாடகை குறைந்த வீடுகள் இருக்கின்றன, நல்ல பள்ளி இருக்கிறது, பிள்ளைகளோடு வாருங்கள் என்று சமூக வலைத்தளத்தில் அழைப்பு விடுத்தார்கள். நகரங்களிலிருந்து சில குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தன. 2015-இல் அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழெழுத்து அஞ்சல் குறியீடு கொடுத்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பக்கத்து முகவரிகளில் டவுன்லேண்டின் பெயரும் இருக்கிறது. புதிதாக வந்தவர் முதலில் எழுதப் பழக வேண்டியது அதைத்தான். கவுண்டி மன்றத்தின் திட்ட அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் பேசும். கில்டிக்லோகரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பள்ளி திறக்கும்போது பார்ப்பது, இரண்டாவது ஆசிரியரைத் தக்கவைக்கப் போதுமான பிள்ளைகள் சேர்ந்தார்களா என்பது.